இரண்டாம் குமாரத்தி

1910-ஆம் வருஷம் ஜூன் மாதம், மிஷன் பத்திரிகை தபாலில் வந்த அன்று மத்தியானம், பாளையங்கோட்டை நேசையா வாத்தியாரின் வீட்டுக்கு அவருக்கு இல்லாத மூத்த மகள் வந்து சேர்ந்தாள். இருபது வயதிருக்கும். தலைமுடியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது. நேரே அடுக்களைக்குள் போய், எப்போதும் உட்காரும் இடம்போல, சுவரோரம் உட்கார்ந்தாள்.

காரணம் பத்திரிகையில் இருந்தது. வாத்தியாரின் ஒரே மகள் யூனிஸ் உபாத்தியாயினிப் பரீட்சை எழுதியிருந்தாள். ‘நேசையாவின் குமாரத்தி யூனிஸ் இரண்டாம் வகுப்பில் தேறினாள்’ என்று வரவேண்டியது, ‘நேசையாவின் இரண்டாம் குமாரத்தி யூனிஸ் வகுப்பில் தேறினாள்’ என்று வந்துவிட்டது. “வே வாத்தியாரே, மூத்தவள எங்கன ஒளிச்சு வச்சிருந்தீரு?” என்று கேலி செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவளை ஈரத் தலையோடு பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். வீட்டில் தரை காயவே இல்லை. வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்காமல் ஈரத்தைத் தாண்டித் தாண்டி நடந்தார். அவர் மனைவி சாலோமி மட்டும் ஒன்றும் கேட்காமல் காலையும் மாலையும் அந்தத் தலையைத் துவட்டினாள். யூனிஸுக்குப் பின்னிவிட மறந்தாள். ஒருத்தியாகவே வளர்ந்த யூனிஸுக்கு அது பொறுக்கவில்லை. ‘இரண்டாம் என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும்’ என்று ஒரு திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள்.

அச்செழுத்துக் கோக்கும்போது அந்தச் சொல்லை இடம் மாற்றிவிட்டவர் ஆவுடைநாயகம். செய்த பிழை மனதை அறுக்க, முப்பது வருஷத்துப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி அந்த ஒரு சொல்லையே தேடியிருந்தார். “இரண்டாம் வெள்ளம், இரண்டாம் தாரம், இரண்டாம் போகம், இரண்டாம் மணி. எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு வந்து போயிருக்கு, தாயி. மொத வெள்ளத்த நாங்க எழுதாம விட்டதுண்டு. அது வராம இருந்ததில்ல. திருத்தம் போடச் சொன்னா போடுதேன். போட்டா அவ போயிருவா. ஒங்கம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா.”

யூனிஸ் வீட்டுக்கு வந்து கேட்டபோது, சாலோமி துவட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “ஒனக்கு முந்தி, ஏழாம் மாசத்துல பெறந்தா, ஏட்டி. ஒரு வாட்டி அழுதா. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னுட்டாங்க. ஒங்கப்பா ஆத்தங்கரையில வச்சுட்டு வந்தாரு. யார் கேட்டாலும் ஒரு பிள்ளைன்னே சொன்னேன்.”

தன் தலையைப் பின்னும்போதெல்லாம் அம்மாவின் கை முதல் பிரியை எடுக்குமுன் சற்று நின்றது யூனிஸுக்கு நினைவு வந்தது. தன் முடியில்தான் ஏதோ குறை என்று இத்தனை வருஷமும் எண்ணியிருந்தாள். கையிலிருந்த திருத்தத்தைத் தரை ஈரத்தில் போட்டாள். மை கரைந்து போயிற்று.

மறு வருஷம் மார்ச்சில் ஜனக்கணக்கு எடுப்பவர் வந்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். சாலோமி தலை துவட்டிய துணியைப் பிழிந்தாள். வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

“ரெண்டு,” என்றாள் யூனிஸ். “நான் ரெண்டாவது.”

“மூத்தவ பேரு?”

அதை அதுவரை யாரும் வைத்திருக்கவில்லை. “எமீமாள்,” என்றாள் யூனிஸ். அவர் காகிதம் நனையாமல் சற்று நகர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எமீமாளின் தலை காய்ந்திருந்தது. சாலோமி இரண்டு பேருக்கும் பின்னிவிட்டாள், மூத்தவளுக்கு முதலில்.