மூடியதாக நினைத்த மைக்

1.

இந்தக் கதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் பிறந்தது. 'லினக்ஸ் லெப்டொப்பில் மைக்கைச் சரிசெய்வது எப்படி' என்று கெம்பஸ் சஞ்சிகைக்காரர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். "முதலில் ஒலி மிக்சரைத் திறக்கவும்" என்று எழுதினேன். திறப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. துஷாந்த் என்று ஒருவனை உண்டாக்கிக் கூப்பிட்டேன். அங்கேதான் குறிப்பு கெட்டுப்போனது.

2.

முதல் தொடக்கம்: றொசல்லயில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு —

வேண்டாம். மலையகக் கதை என்றால் பனி இறங்கியே தீர வேண்டும் என்று சட்டமா? (இறங்கியது. அது வேறு விஷயம்.)

இரண்டாவது தொடக்கம்: தேயிலைத் தோட்டத்தில் துஷாந்தின் லயக் காம்பிராவில் லோஜினிக்கு சூமில் நேர்முகத் தேர்வு. கண்டியில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் வேலை. எத்தனையோ விண்ணப்பம் போட்டு, அவளைக் கூப்பிட்ட முதல் இடம் அதுதான். அவளிடம் லெப்டொப் இல்லை. கூடப் படித்த துஷாந்திடம் இருந்தது. அதில் லினக்ஸ் இருந்தது. அந்தப் பெருமையும் இருந்தது.

அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். நடுவில் குழுத் தலைவி, "கொஞ்சம் கலந்து பேசிட்டு வாறோம்" என்று கெமராவை அணைத்தார்.

சூமிலேயே மைக் பொத்தான் உண்டு. ஒரு தட்டுப் போதும். துஷாந்த் தட்டவில்லை.* கறுப்புத் திரையில் மிக்சரைத் திறந்து, 'மைக்' என்ற தூணுக்குப் போய் எம் விசையை அழுத்தினான். தூணின் அடியில் இரண்டு எம் விழுந்தது.

* அது சாதாரண மக்களுக்கான பொத்தான் என்பது அவன் கொள்கை.

"நெசமா கேக்காதாடா?" என்றாள் லோஜினி.

"ரெண்டு எம்மு தெரியுதுல்ல? மைக்கு செத்துருச்சு. நீ என்னா வேணாலும் பேசு."

சொல்லிவிட்டு அவளுடைய நேர்முகக் குரலில் பேசிக் காட்டினான். "'எனது தந்தையார் பெருந்தோட்டத் துறையில் பணிபுரிகின்றார்.' அடியே, மாமா புல்லு வெட்டுறாருன்னு சொன்னா வாயி சுளுக்கிக்குமா?"

அதுவரை அடக்கிவைத்த பயமெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. "நீ வேற! அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? காலையில வேலைக்கு லேட்டா வந்தவங்கள பெரட்டுலருந்து வெரட்டுற தோட்டத்துக் கண்டாக்கு மாதிரியே இருக்காங்க. சிரிச்சா சம்பளத்துல வெட்டிருவாங்க போல!"

கெமரா அணைந்த சதுரத்திலிருந்து தலைவியின் குரல் வந்தது.

"லோஜினி, நீங்க பேசுறது எங்களுக்கு நல்லா கேக்குது."

3. (சஞ்சிகைக்காரர்கள் கேட்ட பகுதி)

மிக்சரில் இரண்டு திரைகள். முதலில் தெரிவது 'ப்ளேபேக்'. அங்கே மைக்கை மூடினால் உங்கள் குரல் உங்கள் ஸ்பீக்கரில் உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் போகிற குரல் எஃப் ஃபோர் அழுத்தினால் வரும் 'கேப்சர்' திரையில் இருக்கிறது. துஷாந்த் அதை அழுத்தவேயில்லை. அங்கே எல்லாம் திறந்து கிடந்தது, குரலைப் பெருக்கும் பூஸ்ட் உச்சத்தில்.

(இதிலிருந்து ஒரு தத்துவம் எடுக்கலாம். அதை அவர்கள் கேட்கவில்லை.)

4.

வேலை கிடைக்கவில்லை.

கிடைப்பதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தலைவியும் ஒரு லயத்தில் பிறந்தவர், வயிறு வலிக்கச் சிரித்தார், உடனே — அடித்துவிட்டேன். லோஜினி அவனைப் பளாரென்று அறைவதாகவும் எழுதினேன். அதையும் அடித்தேன், அறைந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாகப் போயிருக்கும்.

அவள் செய்தது இவ்வளவுதான். சான்றிதழ்களைப் பைக்குள் வைத்தாள். "நீ சொன்னதுனாலதானே பேசுனேன்" என்றாள். நடந்து போய்விட்டாள்.

5.

அன்றிலிருந்து துஷாந்த் ஒரு மன்னிப்பைப் பதிவுசெய்துகொண்டிருக்கிறான். இப்போது மைக் பிரமாதம். கேப்சர் சரி, பூஸ்ட் சரி, இரைச்சல் இல்லை. போட்டுக் கேட்டால், 'லோஜி, என்னைய மன்னிச்சிரு' என்று யாரோ துஷாந்த் மாதிரி மிமிக்ரி செய்கிறார்கள். குரலைத் தாழ்த்தினால் மரண அறிவித்தல். தழுதழுத்தால் டிவி நாடகம். அழிக்கிறான். மறுபடி —

நானே எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிய ஒவ்வொன்றிலும் ஒரு பகிடி நுழைந்துவிட்டது. அவனை உண்டாக்கியவன் நான்தானே.

ஆகவே நீங்கள் சொல்லிப் பாருங்கள், வாய்விட்டு: "லோஜினி, உன் வேலை என்னாலதான் போச்சு." அதற்குப் பிறகு 'ஆனால்' போடாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்த முடிந்தால் கதையின் முடிவு உங்களுடையது.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று என்னிடம் கேட்கவேண்டாம். ஒருவன் 'பேசு, பரவாயில்லை' என்று சொல்லி அவள் பேசியது போதும்.