உயர்ந்த கைகள்

“புது மேனேஜர் என்ன செஞ்சாலும் நான் பக்கத்து மேசையிலதானே இருக்கேன்?” என்று கணவன் சிரித்தபோது, “நீங்க இருக்கீங்க, உங்க வாய் இருக்குமா?” என்று அவள் கேலி செய்தது போன மாதம்தான்.

இப்போது அலுவலகத்தில் தினமும் காலையில் புது மேனேஜர் கொண்டுவந்த ஓட்டெடுப்பு. சோம்பேறி என்று யாருக்கு அதிகக் கைகள் உயர்கின்றனவோ, அவர் நாற்காலி போய்விடும். அன்று முழுக்க நின்றபடியே வேலை. கூடிச் சாப்பிட்டவர்கள்கூட இப்போது தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

இன்று மேனேஜர் அவள் பெயரைச் சொன்னார். கைகள் உயர்ந்தன. கணவனின் கையும் உயர்ந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் தூக்கினாங்கம்மா...” என்று அவன் முணுமுணுத்தான். தூக்கிய கையை மெல்ல இறக்கினான்.

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: “இந்த வேலை நமக்கு வேண்டாங்க. ரெண்டு பேருமே விட்டுடலாம்.”