செங்காங்கில் இறுகாத சுவர்

செங்காங்கில் லாசரஸ் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கடைசி அறை, உள்ளே நுழையும் ஆளுக்கு ஒரு முழம் வீதம் விரிந்துகொடுக்கும். ஆள் வெளியேறியதும் பழைய அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். அவ்வாறு அது விரியத் தொடங்கிய ஆண்டில் அந்தக் கட்டடத்தின் மின்தூக்கியும் அடிக்கடி பழுதாயிற்று. அக்கம்பக்கத்தார் இரு செய்திகளையும் ஒரே குரலில்தான் பேசினர். மின்தூக்கியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே பேசினர்.

அறை அப்படி ஆனதற்குக் காரணம் ஒரு கல்யாணம். லாசரஸின் மகள் பெதானியும் கிளமெண்டியைச் சேர்ந்த வருணும் ஒருவரையொருவர் விரும்பினர். மதம் வேறாயினும் இரு வீட்டாரும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. காலையில் தேவாலயத்தில் ஆசீர்வாதம், மாலையில் மண்டபத்தில் தாலி என்று ஒரு காப்பி ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டனர். தடையாய் நின்றது இடம் ஒன்றுதான். இருவரும் பதிவு செய்திருந்த புதிய வீடு எழும்ப இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். வருணின் வீட்டிலோ அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள் என்று கூடத்தில்கூடப் பாய் விரித்திருந்தனர். வருணின் தந்தை முத்துசாமி தேக்காக் கடைத்தெருவில் ரவிக்கை தைப்பவர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே பேருந்தில் ஏறுபவர். எதிரே வருபவரின் தோளளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுபவர். அவர் முடிவாகக் கூறிவிட்டார்: "இடமே இல்லாம கல்யாணத்தப் பண்ணிட்டு, புள்ளைங்கள எங்க நிக்க வைக்கிறது? சாவி வரட்டும். அப்புறம் தாலி." பெதானி அன்று சோற்றைத் தொடவில்லை. மகள் ஒதுக்கி வைத்த தட்டைப் பார்த்த லாசரஸும் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார்.

லாசரஸ் இளமை முதல் எப்பாக்சித் தரை போட்டே பிழைத்தவர். கிடங்குகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் அவர் போட்ட தரைகளின்மேல் பாரந்தூக்கி வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடியும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எப்பாக்சி என்பது இரண்டு டின்களில் வரும். ஒன்றில் சாயம், மற்றொன்றில் அதனை இறுகச் செய்யும் மருந்து. தனித்தனியே கிடக்கும்வரை இரண்டும் சாதுவானவை. கலந்துவிட்டாலோ அரைமணி நேரத்துக்குள் பூசிவிடவேண்டும். பிந்தினால் வாளியோடு கல்லாகிவிடும். வீட்டின் கடைசி அறையில் துணி உலர்த்தும் கம்பியும் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிகளும் அடைந்து கிடந்தன. கட்டில் ஒன்றைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதன் சுவர்களுக்கு முத்துவெள்ளையில் எப்பாக்சி பூசினால், அவை கண்ணாடிபோல் மின்னி அறையைப் பெரிதாகக் காட்டும், மணமக்கள் அங்கேயே தங்கட்டும் என்று முத்துசாமியும் மனம் இரங்குவார் என்பது லாசரஸின் திட்டம்.

"கார் பார்க்குக்கு அடிக்கிறத பொண்ணு ரூமுக்கு அடிப்பாங்களா?" என்று அவருடைய மனைவி மதலேனா கேட்டார்.

"கார் பார்க்குல எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்தியா லா?" என்றார் லாசரஸ்.

சாயம் பூசிய சனிக்கிழமையன்று வருணின் தாயார் பாக்கியலட்சுமியும் ஒரு தூக்கு நிறைய இட்லியோடு உதவிக்கு வந்திருந்தார். லாசரஸ் சுவரைத் தேய்த்து, தூசு துடைத்து, இரண்டு டின்களையும் அளவு பிசகாமல் கலக்கிவிட்டு, முகமூடி கட்டிக்கொள்ளக் குளியலறைக்குச் சென்றார். அவர் திரும்புவதற்குள் வாளியை இருவர் தனித்தனியே அணுகினர். புதுப்பெண் புழங்கும் அறைக்கு வெறும் வெள்ளை ஆகாது என்று எண்ணிய பாக்கியலட்சுமி, தேக்காவில் வாங்கிய மஞ்சள்தூளில் சிறிது கிள்ளிப் போட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார். பின்னாலேயே வந்த மதலேனா, மந்திரித்த தீர்த்தம் படாத சுவருக்குள் மகளை விடலாகாது என்று எண்ணி, புட்டியைச் சாய்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவர் செய்ததை மற்றவர் அறியார். எப்பாக்சிக்குத் தூளும் நீரும் ஆகா என்பதையும் இருவரும் அறியார். லாசரஸ் வந்து, வெள்ளை சற்றே தந்த நிறமாகத் தெரிவதை விளக்கின் குற்றம் என்று எண்ணிக்கொண்டு, நான்கு சுவர்களையும் பூசி முடித்தார்.

மறுநாள் சுவர் இறுகவில்லை. அதற்கு மறுநாளும் இறுகவில்லை. தொட்டால் கையில் ஒட்டவில்லை, ஆனால் அழுத்தினால் இடங்கொடுத்தது. தம் வாழ்நாளில் இப்படியொரு வேலையைச் செய்ததில்லை என்று லாசரஸ் கூனிக் குறுகினார். அந்த வாரக் கடைசியில் முத்துசாமி குடும்பத்தோடு அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூசிவிட எண்ணி, சுரண்டியோடு அறைக்குள் நுழைந்தார். சுவர் ஒரு முழம் பின்வாங்கியது. சுரண்டியை நீட்டினார்; எட்டவில்லை. மதலேனாவைக் கூப்பிட்டார். அவர் நுழைந்ததும் எதிர்ச்சுவர், வயதானவருக்கு இடம் விடும் ரயில் பயணியைப்போல், மரியாதையாக ஒதுங்கி நின்றது. லாசரஸ் முன்னே போனார், பின்னே வந்தார், ஏணிமேல் ஏறியும் பார்த்தார். வெறுங்கைக்கு எட்டிய சுவர் சுரண்டிக்கு மட்டும் எட்டவே இல்லை.

"ஒரு சொட்டு தீர்த்தந்தாங்க ஊத்தினேன்," என்றார் மதலேனா மெல்ல.

"ஒரு சொட்டா?"

"சரி, அரைப் புட்டி."

அடுத்த வீட்டு ஆயிஷா அழைக்கப்பட்டார். அவர் தம் பக்கத்துச் சுவரையும் அதில் சாய்ந்திருந்த அலமாரியையும் பார்த்துவிட்டு வந்து, எதுவும் இம்மியும் நகரவில்லை என்றார். "உங்க சுவர் எங்க போகுதோ தெரியல அங்கிள். எங்க வீட்டுக்கு வரல," என்று கூறி, கையோடு கொண்டுவந்த கறிபாப் பலகாரத் தட்டை அறைக்குள் வைத்தார். தட்டுக்குச் சுவர் அசையவில்லை; ஆயிஷாவுக்கு அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை முத்துசாமி வந்தார். வாசலில் நின்றே நாடாவை நீட்டி அளந்து, "பாத்தீங்களா, கட்டிலப் போட்டா கால் வைக்க இடமில்ல," என்று வெற்றியோடு கூறி, பேச்சு முடிந்ததென்பதுபோல் நாடாவைச் சுருட்டினார். பெதானியின் முகம் வாடியது.

"உள்ள வந்து அளங்கண்ணே," என்றார் லாசரஸ்.

முத்துசாமி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பாக்கியலட்சுமியும், வருணும், அண்ணனும், அண்ணியும், பிள்ளைகளும், ஆயிஷாவும் வந்தனர். நடுவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கிய பின்னும் முத்துசாமியால் இரு கைகளையும் விரித்து நிற்க முடிந்தது. அவர் எல்லோரையும் வெளியேற்றி அளந்தார். ஒவ்வொருவராய் உள்ளே விட்டு அளந்தார். பாக்கியலட்சுமி சுவரை முகர்ந்து பார்த்து, "மஞ்ச வாசம் வருதே, நான் போட்டதுதான்," என்று பெருமையோடு ஒப்புக்கொண்டார். லாசரஸ் நாணத்தோடு தலைகுனிந்து, "வேல சரியில்லண்ணே. இறுகவே இல்ல. மன்னிச்சுக்கங்க," என்றார்.

முத்துசாமி சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, ஒரு தையற்காரர் மற்றொரு தையற்காரரின் வேலையை ஆராய்வதுபோல் மூலையைத் தடவினார். "என்ன மன்னிப்பு? உள்ளுக்குத் துணி விட்டுத் தச்சிருக்கீங்க," என்றார். "நல்ல ரவிக்கன்னா அப்படித்தான் தைக்கணும். உடம்புக்குத் தக்கன பிரிச்சு விட்டுக்கலாம். சரி, நாள் பாருங்க."

பெதானி வருணின் முதுகில் ஓர் அறை விட்டாள். அவ்வீட்டில் மகிழ்ச்சியைத் தெரிவிக்கும் முறை அது.

லாசரஸ் மட்டும் உண்மையை மறைக்க விரும்பவில்லை. தாமதமாக இறுகும் எப்பாக்சியும் உண்டு. ஆளில்லாத வேளையில் இறுகிவிட்டால் அறை என்றென்றும் சிறியதாகவே நின்றுவிடும் என்றார். முத்துசாமி சிறிதும் கலங்கவில்லை. "அப்போ காலியா விடாதீங்க. ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்!" என்றார். அவ்வண்ணமே கல்யாணம் வரைக்கும் அந்த அறை ஒருபோதும் காலியாய் இருந்ததில்லை. மதலேனா அங்கே செபமாலை சொன்னார். பாக்கியலட்சுமி அங்கேயே கீரை ஆய்ந்தார். முத்துசாமி தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டுக் கல்யாண ரவிக்கைகளைத் தைத்தார். பங்குக் கோவிலின் பாடகர் குழு பயிற்சியை அங்கே மாற்றிக்கொண்டது. ஆயிஷாவின் தோழிகள் மருதாணி இட வந்து, மாலைவரை அரட்டையடித்துவிட்டுச் சென்றனர். இரு வீட்டாரும் ஒருவர் குறட்டையை மற்றவர் அறியலாயினர். ஒருநாள் முறைமாற்றிக்கொள்ளவேண்டிய வருண் ரயிலில் தூங்கி, செங்காங்கைத் தாண்டிப் பொங்கோல் வரை போய்விட்டான். அன்று லாசரஸ் பசியோடு உட்கார்ந்திருந்து, மருமகனாகப் போகிறவனை முதன்முறையாக உரிமையோடு திட்டினார். "சாரி மாமா," என்றான் அவன். அதுவரை அவன் அவரை அங்கிள் என்றே அழைத்துவந்தான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அதன்பின் காவலும் தளர்ந்தது. அறை எத்தனையோ பகல்கள் காலியாகக் கிடந்தும் சுவர் இறுகவில்லை. லாசரஸும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மறு ஆண்டு, தீபாவளிக்குப் பிந்திய ஒரு மாலையில், வேலை முடிந்து வந்த பெதானி பையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தனியே அறைக்குள் நுழைந்தாள். கூடத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த லாசரஸ் திறந்த கதவின் வழியே பார்த்தார். சுவர் ஒரு முழம் போயிற்று, சற்றே நின்றது, பிறகு, யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல் மெதுவாக, இன்னொரு முழம் போயிற்று. பெதானி உடை மாற்றும் அவசரத்தில் அதனைக் கவனிக்கவில்லை. லாசரஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கிளமெண்டிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"சம்பந்தி, சுவர் ரெண்டு முழம் போச்சு."

"யாரு உள்ள?"

"பெதானி மட்டுந்தான்."

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது. "பாக்கியம், பாயசத்துக்கு அடுப்பப் போடு!" என்று முத்துசாமி கூவியது லாசரஸின் அடுக்களைவரை கேட்டது. மருத்துவர் அடுத்த வாரம் பரிசோதித்து அதனையே உறுதிப்படுத்தினார். ஆனால் அவர் சொல்லுக்காக எவரும் காத்திருக்கவில்லை. அன்று மாலையே கிளமெண்டியிலிருந்து எல்லோரும் பாயசப் பாத்திரத்தோடு வந்து இறங்கினர். பங்கிலிருந்தும் சிலர் வந்தனர். ஆயிஷா மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தார். எல்லோரும் கடைசி அறைக்குள் போய் உட்கார்ந்தனர். இடம் போதுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.