பின்னுக்குப் போகாத பெட்டி

ட்ரக்டரை முன்னுக்கு ஓட்டினால், அதில் கொளுவிய இழுவைப் பெட்டி நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. பின்னுக்கு எடுத்தால்தான் வில்லங்கம். வின்சன்ட் ஸ்டியரிங்கைக் கோயில் பக்கம் திருப்பினால் பெட்டி, மீனை ஐஸில் போட்டு வைக்கும் வாடிப் பக்கம் போனது. வாடிப் பக்கம் திருப்பினால் கோயிலைப் பார்த்துப் போனது. இன்னும் கொஞ்சம் திருத்தப் பார்த்தால், ட்ரக்டரும் பெட்டியும் மடக்குக் கத்தி போல மடிந்து முட்டிக்கொண்டு நின்றன.

"வின்சன்ட் அண்ணை, பெட்டி தலைமன்னாருக்குப் போகுது. நீங்கள் எங்கை போறியள்?" கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வின்சன்டுக்கும் விளங்கவில்லை. பள்ளிமுனைக் கரையில் எந்தக் காற்றிலும் ஒற்றைக் கையால் படகைக் கொண்டுவந்து சொருகுகிற ஆள் அவர். முதுகெலும்புத் தட்டு விலகிய பிறகு, இனி அலையில் குலுங்கக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மீனவர் சங்கத்து ட்ரக்டருக்குச் சாரதி தேவைப்பட்டது. மீன் ஏற்றுவதற்குப் படகு வரிசைகளுக்கு நடுவால் பெட்டியைப் பின்பக்கமாகத் தண்ணீர்க்கரை வரை இறக்க வேண்டும். அங்கே வாகனம் திருப்ப இடமில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அதைச் செய்து காட்டச் சொல்லியிருந்தார் சங்கத் தலைவி எடித். முடியாவிட்டால் வேலை உயிலங்குளத்து வயல்காரர் ஒருவருக்கு. வின்சன்ட் மனைவி பிரான்சிஸ்காவை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் காவலாளி வேலைக்குப் போக வேண்டும். மச்சான் அங்கே இடமும் பார்த்து வைத்துவிட்டான்.

ட்ரக்டர் பகல் முழுக்க வேலையில் இருக்கும். பின்னேரம் சற்று நேரம்தான் பழகக் கிடைக்கும். மிச்சப் பயிற்சியை வின்சன்ட் வீட்டுக்குள் கதிரையில் உட்கார்ந்துகொண்டு செய்தார். கையில் சட்டி மூடி, அதுதான் ஸ்டியரிங். கண்ணை மூடி, கழுத்தைத் திருப்பிப் பின்னுக்குப் பார்ப்பார்.

"டிரைவர், ரவுனுக்கோ போறியள்? நானும் வாறன், நில்லுங்கோ," என்றாள் பிரான்சிஸ்கா.

"விசர்க்கதை கதையாதை. நான் பழகிறன்."

கற்பனையில் எல்லாம் வடிவாக நடந்தது. பெட்டி நேராக இறங்கியது, எடித் கைதட்டினார். ஆனால் பின்னேரம் நிசப் பெட்டி பழையபடி மடிந்து நின்றது. இதில் ஒரு விசயம் இருக்கிறது. கற்பனைப் பெட்டி நாம் விரும்பிய பக்கம் போகும். நிசப் பெட்டி எப்படித் திரும்புகிறது என்பது நமக்குத் தெரியாதவரை, கற்பனை எதையும் கற்றுத் தராது. கைதட்டலை எத்தனை தரம் கேட்டாலும் கைக்குப் பழக்கம் வராது.

சனிக்கிழமை பிரான்சிஸ்கா பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "என்னப்பா, முதுகு போய்க் கழுத்தும் போகப்போகுது. கதிரையைத் திருப்பிப் போட்டிட்டு இருங்கோவன்!"

அவர் முனகிக்கொண்டே கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார். கண்ணை மூடினார். இப்போது பெட்டி அவருக்கு முன்னால் நின்றது. அதற்கு அப்பால் கடல். அவர் நினைக்காமலே அவருடைய இடது கை பின்னுக்குப் போய், இல்லாத எஞ்சின் பிடியைத் தேடியது.

"பிரான்சி! இது போட்!"

"எது?"

"பெட்டிதான் போட். ட்ரக்டர் அதுக்குப் பின்னாலை கிடக்கிற எஞ்சின்!"

"ஐயோ மாதாவே, மனுசனுக்கு மூளையும் விலகிட்டுது."

விலகவில்லை. கடலில் பின்னால் இருப்பதெல்லாம் இழுபட்டு வருவதுதான், வலையோ கயிறோ. ஆகவே பெட்டியையும் இழுபடுகிற பொருளாகவே அவர் நினைத்திருந்தார். ஆனால் பின்னுக்குப் போகும்போது பெட்டிதான் முதலில் போகிறது, ட்ரக்டர் அதைத் தள்ளுகிறது. படகிலும் அப்படித்தான். எஞ்சின் பிடியை வாடிப் பக்கம் தள்ளினால் படகின் பின்பக்கம் வாடிப் பக்கம் நகரும், முன்பக்கமான அணியம் கோயில் பக்கம் திரும்பும். பெட்டியைக் கொளுவுகிற கொளுக்கிதான் இங்கே படகின் பின்பக்கம். பெட்டியின் வால்தான் அணியம்.

அதற்குப் பிறகு கற்பனை வேலை செய்தது. கதிரையில் இருந்தபடி முழுக் கரையையும் ஓட்டினார். இந்தத் தரம் கைதட்டலை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பிழைகளை நினைத்தார். வால் படகு வரிசைக்குள் போகிறது, என்ன செய்வேன்? பெட்டி மடியத் தொடங்குகிறது, என்ன செய்வேன்? ஒவ்வொன்றுக்கும் சட்டி மூடி பதில் சொன்னது. பிரான்சிஸ்காவும் கடைசியில் தும்புத்தடியைப் படகாகக் கிடத்திவிட்டு, "இடிச்சால் நீங்கள்தான் கூட்டவேணும்," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே கரையில் நின்றது. பாதி வழி நேராக இறங்கியது பெட்டி. அப்போது ஒரு கழுதை ஆற அமரக் குறுக்கே வந்து நின்றது. வின்சன்ட் பிரேக்கை அமத்தினார். கழுதை போனபின் எடுத்தபோது வால் கோணிப் போய்விட்டது.

"முடிஞ்சுது கதை," என்றது ஒரு குரல்.

வின்சன்ட் பதறவில்லை. இந்த இடத்துக்குக் கதிரையில் பல தரம் வந்து போனவர் அவர். ட்ரக்டரைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துப் பெட்டியை நேராக்கினார். பிறகு மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். பெட்டியின் சில்லு தண்ணீரைத் தொட்டது. இருபக்கத்துப் படகுகளிலும் ஒரு கீறல் இல்லை.

"நாளைக்குக் காலமை வேலைக்கு வாங்கோ," என்றார் எடித். "வெள்ளிக்கிழமை வரைக்கும் மடிச்சு வச்சுக்கொண்டு நிண்டனீங்கள். எப்பிடி இது?"

"பின்னுக்கு எடுக்கேக்கை பெட்டியைப் போட் எண்டும் ட்ரக்டரை எஞ்சின் எண்டும் நினைக்கவேணும். வால் கோயில் பக்கம் போகவேணுமெண்டால் கொளுக்கியை வாடிப் பக்கம் தள்ளவேணும். வால் திரும்பத் தொடங்கின உடனை ஸ்டியரிங்கை நேராக்கவேணும். கோணினால், முன்னுக்கு எடுத்து நேராக்கிப் போட்டுத் திரும்பவும் தள்ளவேணும். அவ்வளவுதான்."