கையுறையின் உட்புறம்

"நீ உட்கார்ந்த இடத்துல நான் உட்காரலாமா?"

ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என்னிடம் கேட்டது இது. மற்றவர்கள் கேட்டதில்லை. நான் எழுந்ததும் பெஞ்சைத் துடைப்பார்கள், இல்லையென்றால் "கரப்பான் வருது, செருப்பை எடு" என்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. இவள் மட்டும் மரியாதையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். உட்காரலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்காரலாமா கூடாதா என்பது எனக்கே தெரியாது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன்.

எனக்கு எக்சிமா. கைக்குழந்தையாக இருக்கும்போதே கன்னத்தில் தொடங்கியதாம். வளர வளர உடம்பின் மடிப்புகளுக்குக் குடிபெயர்ந்தது. முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், பிடரி. தோல் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். சொறிந்தால் நீர் கசியும். அது காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கும். பனிக்காலத்தில் மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்ளும்.

கை எட்டாத இடங்களில் களிம்பு தடவுவது அக்காவின் வேலை. சின்ன வயதிலிருந்தே அவள்தான். "திரும்புங்க மகாராணி" என்பாள். நான் முதுகைக் காட்டுவேன். பிடரியில் தொடங்கி அவள் விரல்கள் வட்டம் வட்டமாக இறங்கும்போது அரிப்பு அடங்கித் தூக்கம் சொக்கும்.

அந்த விரல்களுக்காகத்தான் பியூட்டி பார்லரில் அவளுக்கு வேலை கிடைத்தது. தலை அலசுவாள், சாயம் பூசுவாள். "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். முடி வெட்டவும் கற்றுக்கொண்டாள். பார்லரில் முடி வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலி கிடைத்துவிட்டால் பிறகு சாயக் கிண்ணத்தைத் தொட வேண்டாம், தலை அலசவும் வேண்டாம். அடுத்து காலியாகும் நாற்காலி உனக்குத்தான் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அப்பா போன பிறகு அம்மா திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்து எங்களை வளர்த்தாள். தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளுடைய முழங்கால் தேய்ந்திருந்தது. "உனக்கு நாற்காலி வந்துட்டா நான் இந்த மெஷினை விட்டு எறங்கிடுவேன்டி" என்பாள்.

அக்காவுக்கு முதலில் விரல் இடுக்கில்தான் வந்தது. கடுகு கடுகாகக் கொப்புளங்கள். பிறகு விரல் நுனிகள் வெடித்தன. புறங்கை சிவந்து தடித்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒட்டுவாரொட்டி. நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் அம்மா.

இத்தனை வருடம் தொட்டபோது வராதது இப்போது மட்டும் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நான் கேட்காததற்கும் அம்மா பதில் சொன்னாள்: "வெஷம் மெல்லத்தான் ஏறும்."

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். என் துண்டு மட்டும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணிக்குப் போனது. அவர்கள் இருவருடைய துண்டுகளும் வெளிக்கொடியிலேயே இருந்தன.

களிம்பு தடவுவதை அக்கா நிறுத்தவில்லை. ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். பார்லரில் பழசாகிப்போன மெல்லிய உறைகள். முதல் நாள் அந்த ரப்பர் விரல் பிடரியில் பட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

"திரும்பு" என்றாள். அவ்வளவுதான். மகாராணி இல்லை.

உறை மாட்டியும் அவள் கை குணமாகவில்லை, இன்னும் மோசமானது. எனக்குத் தடவிவிட்டு உறையைக் கழற்றும்போது உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொள்வாள். "உன்னைத் தொட்டாலே எரியுதுடி" என்றாள் ஒருநாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எரிந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு அது தாங்கவில்லை.

அந்த வாரம் பார்லரில் ஒரு வாடிக்கைக்காரம்மா அவள் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடே, "வேற யாராவது அலசிவிடலாமா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். வீட்டில் தங்கைக்கு இருக்கிறது, அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். "முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணிட்டு வா, அப்புறம் நாற்காலியைப் பத்திப் பேசலாம்" என்றாராம் அவர்.

வீட்டைச் சுத்தம் பண்ணுவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அம்மா அன்றே சித்திக்குப் போன் பேசினாள். சித்தி வேறு ஊரில் இருந்தாள். அவள் வீட்டு மொட்டை மாடியில் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு.

இதற்கிடையில் அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனாள். தோலுக்குச் சேராதது எது என்று பார்க்க, பொட்டளவு கிண்ணங்களில் பல பொருள்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் பட்டை போட்டு ஒட்டி அனுப்பினார்கள். பட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகு, இன்னொரு முறை பார்க்க வேண்டும், தங்கையையும் அழைத்து வா, வேலையில் தொடுகிற பொருள்களையும் கொண்டு வா என்றார்களாம். பஸ்ஸில் அக்கா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா முதலில் என் கையைத்தான் பிடித்தார். வெறும் கையால். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கடிக்க மாட்டேன், குடு. மூச்சு இரைக்குமா?"

தலையாட்டினேன்.

"வாயைத் தெறந்து பேசினா அபராதம் ஒண்ணும் கெடையாது."

"இரைக்கும்" என்றேன்.

"இவகிட்டேர்ந்துதான் எனக்கு ஒட்டிக்கிச்சு டாக்டர்" என்றாள் அக்கா.

"என் மூக்கு உனக்கு ஒட்டிக்குமா? அந்த மாதிரிதான் இதுவும். புண்ணுல சீழ் வெச்சா அது வேற சங்கதி. எக்சிமா ஒட்டாது. திரும்பு, முதுகைக் காட்டு."

அக்காவின் முதுகில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. எல்லாக் கட்டங்களும் வெறும் தோல். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தோல் சிவந்து புடைத்து, அதன்மேல் நீர்க்கொப்புளங்கள். அக்காவால் அதைப் பார்க்க முடியாது. நான் பார்த்தேன்.

"தலைச்சாயத்துல கருப்பு வர்றதுக்குப் போடற மருந்து" என்றார் டாக்டர். "இதுதான் உன் எதிரி."

"அஞ்சு வருஷமா பூசறேனே டாக்டர், அப்பல்லாம் ஒண்ணும் வரலையே?"

"ஒடம்பு ஒரு நாள் பார்த்துக் கோவிச்சுக்கும். கோவிச்சுக்கிட்டா அப்புறம் சமாதானமே கெடையாது. நாள் முழுக்க ஷாம்பூத் தண்ணியில கை ஊறுது இல்ல? அது யார் தோலையும் அரிச்சிடும். அது ஒரு வகை. தோலுங்கிறது வேலி மாதிரி. உன் வேலியை முதல்ல தண்ணி அரிச்சிருக்கு, அந்த ஓட்டை வழியாத்தான் சாயம் உள்ள போச்சு. அது அலர்ஜி, இன்னொரு வகை. உன் தங்கச்சிக்கு வேலி பொறக்கும்போதே ஓட்டை. பார்க்க எல்லாம் ஒரே செவப்புதான். ஆனா உன்னோடதுக்கும் அவளோடதுக்கும் சம்பந்தமில்லை."

"நான் கிளவுஸ் போட்டுட்டுதானே எல்லாம் செய்யறேன்!" அக்கா பையைத் திறந்தாள். தான் எவ்வளவு கவனமாக இருந்தாள் என்று காட்டத்தான் அவற்றைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு ஜோடிகள். "இது பார்லருக்கு. இது வீட்டுக்கு."

"வீட்ல எதுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இவளுக்கு மருந்து தடவ" என்றாள் அக்கா.

டாக்டர் வீட்டு உறையை எடுத்து ஒரு விரலை உள்ளிருந்து வெளியே இழுத்தார். உள்பக்கம் கறுத்திருந்தது. இன்னொரு விரலை இழுத்தார். அதுவும்.

"இதுல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது?"

"ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்? அடிக்கடி புதுசு தர மாட்டாங்க. வேர்வை நாத்தம் வரக்கூடாதுன்னு தெனமும் கழுவி, திருப்பிக் காயப்போடுவேன். காஞ்சதும் எந்தப் பக்கம் வருதோ அப்படியே மாட்டிக்குவேன்."

"கழுவினா போற சாயமாம்மா அது?" டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைத் தொடப் பயந்து, மாலை தவறாமல் அவள் கைகளை அந்தச் சாயத்துக்குள் நுழைத்திருக்கிறாள். நான் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. என்னிடமிருந்து தப்பிக்கப் போட்ட உறைதான் அதை முற்றவைத்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

"இனிமே சாயம் பக்கமே போகாதே. இந்த மாதிரி உறை போட்டுக்கிட்டும் வேண்டாம். வேற வேலை பாரு. இல்லேன்னா முகம், கண்ணெல்லாம் வீங்கும். கை மடங்காமப் போயிடும்."

"எனக்கு வேற வேலை தெரியாது டாக்டர்."

டாக்டர் களிம்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். வாசலில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் நிறுத்தம் வருவதற்கு முன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதே. சாயம்தான்னு தெரிஞ்சா முதலாளியம்மா இன்னைக்கே என்னை அனுப்பிடுவாங்க. நீ சித்தி வீட்டுக்குப் போயிட்டா வீடு சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிடுவேன். நாற்காலி கைக்கு வந்துடும். அப்புறம் சாயத்தைத் தொடவே வேண்டாம். வந்ததும் உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன். சத்தியமா."

"சரி" என்றேன். அவள் கையை மடியில் வைத்திருந்த விதம் எனக்குத் தெரிந்ததுதான். எதிலும் படாமல், யாருடைய பொருளையோ வைத்துக்கொண்டிருப்பது போல. நானும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

வீட்டில் அம்மா மெஷினை நிறுத்தினாள். "என்ன சொன்னாங்க?"

"களிம்பு எழுதிக் குடுத்தாங்க."

"இவகிட்டேர்ந்துதான்னு சொன்னாங்களா?"

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயில்லாப் பூச்சி என்பது ஊரறிந்தது. அதனால் என் மௌனத்தில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. "பட்ட கால்லயே படும்" என்று யாருக்கென்று தெரியாமல் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

என்னை அழைத்துப்போக சித்தப்பா வருவதாக இருந்த நாளில் அம்மா காலையிலேயே என் பையைக் கட்டினாள். தட்டு, பாய், களிம்பு. என் தட்டை ஒரு பேப்பரில் சுற்றும்போது அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்க காத்தோட்டமா இருக்கும். உனக்கும் நல்லதுதான்" என்றாள். பிறகு, "துண்டு ஆணியில இருக்கு, எடுத்து வெச்சுக்கோ" என்றாள்.

நான் எடுக்கப் போவதற்குள் அக்கா முகம் கழுவிவிட்டுக் குளியலறையிலிருந்து வந்தாள். அவள் கண் இமைகள் இரண்டும் வீங்கித் தொங்கின. முந்தின நாள் பார்லரில் நிறையப் பேருக்குச் சாயம் பூசியிருக்கிறாள்.

"ஐயோ, முகத்துக்கும் வந்துடுச்சா?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கவலைப்படாதே. இன்னைக்கு இவ போயிடுவா. எல்லாம் சரியாயிடும்."

அக்கா நீர் சொட்ட நின்றாள். அவள் துண்டு வெளிக்கொடியில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் திரும்பிக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, ஆணியிலிருந்து என் துண்டை எடுத்தாள்.

"ஏய், அது அவளோடது!" அம்மா எழுந்தேவிட்டாள்.

அக்கா முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். பிறகு கைகளை, ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். வெடிப்புகளிலிருந்து துண்டில் ரத்தக் கீற்றுகள் படிந்தன. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காவின் கையிலிருந்து என் முகத்துக்கும், என் முகத்திலிருந்து கட்டிவைத்த பைக்கும் அவள் கண்கள் போய் வந்தன.

"அப்போ டாக்டர் என்னதான்டி சொன்னாங்க?"

அக்கா என் துண்டை உதறி, வெளிக்கொடியில் அவள் துண்டுக்கும் அம்மா துண்டுக்கும் நடுவில் போட்டாள். கொடியின் ஓரத்தில் பார்லர் கையுறைகள் திருப்பிக் காயப்போட்டபடி தொங்கின. அவற்றை எடுத்து, எந்தப் பக்கம் என்று ஒரு கணம் பார்த்தாள். பைக்குள் திணித்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். படியிறங்கி வேலைக்குப் போனாள்.