நாயகி வரும் வரை

வீடு வாடகைக்குக் கிடைப்பதற்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. நடிகர்கள் வருமுன் விளக்குகளையும் மைக்கையும் சரிபார்ப்பதற்காக, நாயகியின் உயரமுள்ள ஒருத்தியும் நாயகனின் உயரமுள்ள ஒருவனும் அவர்களுடைய இடத்தில் நிற்பார்கள். ஒலிப்பதிவாளர் கேட்கும்போதெல்லாம் அவன் நாயகனின் வசனத்தைச் சொல்வான்.

“ஏன் இவ்ளோ லேட்டு? நான் பயந்தே போயிட்டேன்.”

இருபது நாள்களாக அதைக் கேட்டுவிட்டு அவள் தன் ஒற்றை அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எந்நேரம் திரும்பினாலும் ஏனென்று கேட்க அங்கே யாருமில்லை.

இந்த வேலையில் பதினோர் ஆண்டுகளாக ஒரு நாளும் தாமதித்தறியாத அவள், படப்பிடிப்பின் கடைசி நாளன்று நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி இரண்டு பேருந்துகளை வேண்டுமென்றே போகவிட்டாள். அவன் தன்னை உண்மையாகவே கேட்பானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவள் உள்ளே நுழைந்தபோது, உடைப் பிரிவின் தையற்காரியை ஒரு பலகைமேல் ஏற்றி அவளுடைய இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண்ணிடம், அதே குழைவுடன், அவன் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அட, ஒரிஜினல் டூப்பே வந்தாச்சு! நீ எறங்கும்மா, பலகையோட சேத்து ஆணியடிச்சிடப் போறாங்க” என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். வேறெதையும் அவன் கேட்கவில்லை.

அவள் தரையிலிட்ட குறிமேல் போய் நின்றாள். ஒலிப்பதிவாளர் கைகாட்ட, அவன் வசனத்தைச் சொன்னான். பதில் சொல்வது அவளுடைய வேலையன்று.

“பஸ்ஸே வரலைங்க” என்றாள்.

“குரல் நடுங்குதே. ஒயர் லூஸா இருக்கா பாருப்பா” என்றார் ஒலிப்பதிவாளர்.