உறுதி பார்த்த வசந்தாதேவி

வாழைச்சேனைத் துறைமுகத்தில் பாக்கியராசாவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. எந்தப் படகு எஞ்சின் செத்துக் கிடந்தாலும் அவன் தொட்டால் உயிர் வந்துவிடும் என்பார்கள். அந்தக் கைக்கு இருந்த வேகம் வாய்க்கும் இருந்தது. கல்குடா வீதியில் நல்லரத்தினம் என்ற முதியவர் விற்கவிருந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே, "நான் வீடு வாங்கிற்றன்" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தான்.

பார்த்தது மட்டும்தான். இன்னும் ஒரு சதம் கைமாறவில்லை.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. கலியாணமாகிப் பத்தொன்பது வருசமாக வாடகை வீடு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மனைவி வசந்தாதேவியின் குடும்பத்தில் பெண்கள் நான்கு, வீடு ஒன்று. அது மூத்தவளுக்குப் போனது. "வீடில்லாதவளக் கட்டினவன்" என்று சொந்தத்தில் சிலர் பாக்கியராசாவைச் சொன்னதுண்டு. அவன் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டான். அவளால் முடியவில்லை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கப் போனவள், பதினொரு வருசத்தில் சலவைப் பகுதிக்கே பொறுப்பாளர் ஆனாள். சம்பளத்தில் பாதி வங்கிக்குப் போனது.

வீட்டின் விலை அறுபத்தெட்டு லட்சம். சேமிப்புப் போக மிச்சத்துக்குக் கடன். தரகர் வீடு தேடி வந்து அவசரப்படுத்தினார்.

"கொழும்பில இருந்து ஒருத்தர் கேட்டுக்கொண்டு நிக்கிறார். அஞ்சு லட்சம் முற்பணம் தந்தீங்கண்டா நான் மறிச்சு வைப்பன். முத்திரை ஒட்டி ஒரு எழுத்து, அவ்வளவுதான்."

"வீட்டு உறுதிப் பத்திரத்திட கொப்பி ஒண்டு தாங்க," என்றாள் வசந்தாதேவி.

"அதப் பிறகு பாக்கலாம் தங்கச்சி. ஐயா கடதாசி ஆலையில வேல செஞ்சவர், ஊரறிஞ்ச நல்ல மனிசன்."

"நல்ல மனிசன்தான். ஆனா நான் வாங்கப்போறது மனிசன இல்லையே, வீட்டத்தானே."

தரகர் போனதும் பாக்கியராசா வெடித்தான். "ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் வசந்தா. வீடு கைவிட்டுப் போனா நான் எப்பிடி முகத்தக் காட்டுற?"

"முகத்தக் காட்டலாம். போன அஞ்சு லட்சத்த ஆர் காட்டுற?"

அவன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவள் தரகரை விடாமல் துரத்தி உறுதிக் கொப்பியை வாங்கி, லீவு போட்டு, ஓட்டமாவடியில் இருந்த, உறுதி எழுதும் நொத்தாரிசு அஸீமாவிடம் போனாள். முறைத்துக்கொண்டே அவனும் கூடப் போனான்.

அஸீமா கண்ணாடியை மேலே தள்ளி அவனிடம் கேட்டார். "வீட்டு விலைக்கு மேல எவ்வளவு எடுத்து வெச்சிரிக்கீங்க?"

"மேலயா? வெள்ள அடிக்க, குடிபூரல் சாப்பாட்டுக்கு மூண்டு லட்சம்."

"அது முத்திரை வரிக்கே சரி. ஏறக்குறைய நூற்றுக்கு நாலு போகும். எங்கட கட்டணம், நில அளவையாளர், வங்கிக்காரர் வீட்ட மதிக்கிற செலவு, எல்லாம் வேற. இன்னொண்டு, காணி உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால எழுதாட்டிச் செல்லாது. தரகர்ட கடதாசித் துண்டக் கொண்டு கோட்டுக்குப் போனா ஒண்டும் நடக்காது."

பாக்கியராசா துறைமுகத்துக்கே போடவிருந்த சாப்பாடு அந்த மேசையிலேயே கரைந்து போனது.

மட்டக்களப்பில் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை அஸீமா அவர்களை அழைத்தார். தரகர் தந்த கொப்பி உண்மையானதுதான். ஆனால் அது பழைய உறுதி. 2014இல், மகள் கஜானியின் கலியாணத்துக்கு நல்லரத்தினம் அந்த வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுத்திருந்தார். சாகும்வரை அங்கே குடியிருக்கும் உரிமை மட்டும்தான் அவருடையது. அவர் தனியே போடும் கையெழுத்தால் வீடு இவர்களுக்கு வராது.

அஞ்சு லட்சத்தைத் தூக்கிக் கொடுக்க நின்றவன் பாக்கியராசாதான்.

அன்று பின்னேரமே நல்லரத்தினத்திடம் போனார்கள். விசயத்தைச் சொன்னதும் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நான் கட்டின வீடு! எண்ட வீட்ட நான் விக்க ஆர்ட்ட உத்தரவு கேக்கோணும்? என்னக் கள்ளன் எண்டா சொல்லுறீங்க?"

பாக்கியராசா வாசலைப் பார்த்தான். வசந்தாதேவி அசையவில்லை.

"அப்பிடி நான் நினைச்சிருந்தா உங்கட வாசலுக்கே வந்திருக்க மாட்டன் ஐயா. இந்த வீடு எனக்குப் புடிச்சிரிக்கு. அதாலதான் வந்தன். மகள் ஒரு கையெழுத்து வெச்சா எல்லாம் சரி."

கிழவரின் கோபம் மெல்ல இறங்கியது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வருசமாகத் தனிமை. மகள் திருகோணமலையில். "வாங்கப்பா" என்று கூப்பிட்டவளிடம், "என்னால தனிய இருக்கேலும்" என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டார். இப்போது முடியவில்லை. வெறுங்கையோடு போய் மகள் வீட்டில் நிற்க மனம் வரவில்லை. விற்ற காசோடு போனால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"உறுதி எழுதினது ஞாபகம்தான். அது பேருக்குத்தானே எண்டு இருந்திற்றன்," என்றார்.

"இப்ப அவக்கு எடுங்க," என்றாள் வசந்தாதேவி.

அவர் போனை எடுத்து விசயத்தைச் சொன்னார். மறுமுனையில் கஜானியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "வீட்ட வித்துப்போட்டு நீங்க எங்கப்பா போற?"

"உன்னட்டத்தான் புள்ள." அவர் அழுதுவிட்டார். மறுமுனையிலும் அழுகைதான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கஜானி வந்து இறங்கினாள். விற்கச் சம்மதம் என்றாள், அப்பாவையும் கையோடு கூட்டிப் போவதாகச் சொன்னாள். அதன்பிறகும் வசந்தாதேவி விட்டுவிடவில்லை. நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லையைப் பார்த்தாள். பின்வேலி ஆறடி வாவிக்கரை அரச ஒதுக்குக் காணிக்குள் போயிருந்தது. அந்த ஆறடிக்குக் காசு தர முடியாது என்று இரண்டு லட்சம் குறைத்தாள். பிரதேச சபையில் வீட்டுக்கான சோலைவரி பாக்கி இல்லை என்று துண்டும் வாங்கினாள். கொழும்புக்காரர் கடைசிவரை வரவேயில்லை.

உறுதி எழுதும் நாளில் தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கையெழுத்து வைத்தார்கள். அஸீமா உறுதியை உரத்து வாசித்தார். "கொள்வனவாளர், பாக்கியராசா வசந்தாதேவி." பத்தொன்பது வருசத்தில் ஒருநாளும் கண் கலங்காத மனுசி, பேனையைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவளைக் கட்டினதுக்கு ஊர் எதைச் சொன்னால் என்ன என்று பாக்கியராசா நினைத்தான்.

குடிபுகுந்த அன்று பாற்சோறும் வாழைப்பழமும்தான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்துச் சுபாகரன் ஒரு சொப்பிங் பையோடு வாசல் படலையில் வந்து நின்றான். ஏறாவூரில் ஒரு காணி பேசியிருக்கிறானாம், நாளைக்கு முற்பணமாம்.

"அண்ண, இந்த உறுதிய ஒருக்காப் பாருங்க."

பாக்கியராசா பையைத் தொடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டான்.

"எனக்கு எஞ்சின்தான்டா தெரியும். இரு, அவ வேல முடிஞ்சு வரட்டும். அதுவரைக்கும் ஒரு சதமும் குடுத்திராத," என்றவன் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனான்.